த்வேர் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

த்வேருக்கு நம்மவர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, அங்கிருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகம். இன்னொன்று, மாஸ்கோ பயணத்தில் ஒரு நாள் மிச்சமாகி, பக்கத்து ஊர் ஒன்றைப் பார்த்துவரலாம் என்ற ஆசை. இரு தரப்பாரும் அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். மாஸ்கோக்காரர்களிடம் அதைக் கேட்காதீர்கள். ரஷ்யாவின் தலைமைக்கு ஒரு காலத்தில் மாஸ்கோவோடு மல்லுக்கு நின்ற ஊர் இது; தோற்றுப்போனது. பிறகு பீட்டர்ஸ்பர்க் தலைநகரானபோது, இரண்டு பெரிய ஊர்களுக்கும் நடுவே வண்டிகள் இளைப்பாறும் இடமாக மாறியது. இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றினால் ஊர் சீக்கிரம் பிடிபடும்.

ஊரின் பெயரில் ஒரு குழப்பம் வரும். 1931 முதல் 1990 வரை இது கலீனின். சோவியத் தலைவர் மிகயீல் கலீனின் இந்த வட்டாரத்தில் பிறந்தவர் என்பதால் அந்தப் பெயர். பழைய வரைபடத்திலோ, மூத்த மருத்துவர் ஒருவரின் பட்டச் சான்றிதழிலோ கலீனின் என்று பார்த்தால் வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று 4 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழ்கிறார்கள்.

புறப்படும் முன்

முதலில் பணம். ரஷ்யாவுக்கு வெளியே தரப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. கிழிசலும் கிறுக்கலும் இல்லாத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய், வங்கியில் மட்டும் மாற்றுங்கள். நீண்ட நாள் தங்குகிறவர்கள் உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கி, ரஷ்யாவின் சொந்தக் கட்டண அட்டையான மீர் அட்டை வாங்கிக்கொள்வார்கள். அதுவரை கைச்செலவுக்குப் பணமாகவே வேண்டும்.

சுற்றிப்பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்-விசா இருக்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பு மாறிவந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் விதியைப் பாருங்கள், நண்பர் போன ஆண்டு சொன்னதை அல்ல.

மருத்துவம் படிக்க வருகிறவர்கள் ஊரைப் பற்றி யோசிக்கும் முன் இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளைப் படித்துவிட வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, நீட் தேர்ச்சி எல்லாம் இருந்தால்தான் திரும்பி வந்து உரிமம் பெறும் வழி திறக்கும். இவற்றை முகவரின் வாய்மொழியாக வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம், குடியுரிமை என்று சொல்லி ராணுவத்தோடு ஒட்டிய வேலைக்குக் கையெழுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்துவிட்டது. ரஷ்ய மொழியில் இருக்கும், முழுதாகப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாஸ்கோவிலிருந்து

மாஸ்கோவின் லெனின்கிராத்ஸ்கி ரயில் நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து த்வேர் 167 கிலோமீட்டர். அதிவேக சப்சான் ரயில்களில் சில மட்டுமே த்வேரில் நிற்கும். நின்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட் விலை கடிக்கும். லாஸ்தொச்கா என்ற ரயில்தான் சரியான தேர்வு. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லா நிலையத்திலும் நின்று போகும் புறநகர் மின்ரயில் மலிவு, ஆனால் பெட்டி படுக்கையோடு வருகிறவருக்கு அது தண்டனை.

ரயிலில் உட்கார்ந்ததும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரஷ்யாவின் தொலைதூரப் பயணப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி செய்யப்படுவது த்வேரில்தான். 1898-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. மாஸ்கோ புறநகரில் ஓடும் இவோல்கா மின்ரயில்களும் அங்கிருந்து வந்தவையே. அந்த நாட்டில் இரவு ரயிலில் தூங்கிய எவரும் த்வேரின் தயாரிப்பில் தூங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேரே போகும் அகலமான சாலை சைகோவ்ஸ்கி பெயரில் இருக்கிறது. அதுவே ஊர்நடுவுக்கும் வோல்கா ஆற்றுக்கும் கொண்டுபோகும். சாமான் இல்லாவிட்டால் நடக்கலாம். இருந்தால் நீலநிறப் பஸ்களில் ஏறுங்கள். பணம் செலுத்த வோல்கா என்ற பயண அட்டை கிடைக்கும். பழைய வழிகாட்டி நூல்களை நம்பி டிராமைத் தேடாதீர்கள். 1901-இல் ஓடத் தொடங்கிய டிராம் 2018-இல் நின்றுபோனது, இரண்டு ஆண்டு கழித்துத் டிராலிபஸ்ஸும் போனது. ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

முதல் நாட்களின் காகித வேலை

விமான நிலையத்தில் தரும் குடிவரவு அட்டையைக் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். நாட்டைவிட்டுப் போகும்வரை அது வேண்டும். தங்குமிடப் பதிவு 7 வேலை நாட்களுக்குள் நடக்க வேண்டும். அதைச் செய்வது நீங்கள் அல்ல, உங்களைத் தங்கவைப்பவர்: விடுதியானால் விடுதி, மாணவரானால் பல்கலைக்கழகம். தனி வீடு எடுக்கிறவர்கள் சாவி வாங்கும் முன் உரிமையாளர் பதிவு செய்து தருவாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மறுத்தால் அந்த வீடு வேண்டாம். வெளியூரில் விடுதியில் தங்கிவிட்டுத் திரும்பினால் உங்கள் பழைய பதிவு என்ன ஆகிறது என்று வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்பது நல்லது.

90 நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் கட்டாயம். சிம் கார்டு விஷயத்திலும் பொறுமை வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் நேரில் போய், ஸ்னில்ஸ் என்ற காப்பீட்டு எண், கொசுஸ்லூகி என்ற அரசுக் கணக்கு, முகமும் குரலும் பதிவு செய்த சான்று எல்லாம் காட்டினால்தான் சிம் கிடைக்கும். இதற்கு நாள் பிடிக்கும். ஆகவே விடுதி முகவரியை ரஷ்ய எழுத்தில் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள், வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளுக்கும் 2025 ஆகஸ்டில் கட்டுப்பாடு வந்தது. வீட்டாரிடம் எந்த வழியில் பேசுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரம் இரு பக்கமும் தூக்கம் கெடும்.

ரஷ்ய எழுத்துகளை விமானத்திலேயே படித்து முடிக்கலாம். மொழி அப்படியல்ல. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ரஷ்ய மொழியில்தான் வலியைச் சொல்வார். ஆசிரியரையும் பெரியவர்களையும் வெறும் பெயரால் அழைக்கக் கூடாது. அவர் பெயரோடு தந்தை பெயர்வழி வந்த பெயரையும் சேர்த்து அழைப்பதே மரியாதை. நமக்கு 'சார்' போதும், அங்கே அது போதாது.

ஊரை நடந்து பார்க்கும் வரிசை

சோவெத்ஸ்கயா தெருவில் தொடங்குங்கள். 1763-இல் பெருந்தீ ஒன்று ஊர்நடுவை அழித்தது. பேரரசி இரண்டாம் கேத்தரின் அதைப் புதிதாகவே திட்டமிட்டுக் கட்டச் சொன்னார். பீட்டர்ஸ்பர்க்கைப் பின்பற்றி மூன்று நேர்த்தெருக்களை விசிறிபோல் விரித்துப் போட்டார்கள். நடுக்கம்பு இந்தச் சோவெத்ஸ்கயா. மற்ற ரஷ்ய ஊர்களைத் திருத்தியமைக்கும்போது த்வேர் முன்மாதிரியானது. வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு வீடுகள் அந்தத் திட்டத்தின் மிச்சம்.

அங்கே குதிரைமேல் அமர்ந்திருப்பவர் இளவரசர் மிகயீல் யாரஸ்லாவிச். ஊரின் தோல்விக் கதை அவரிடமிருந்து தொடங்குகிறது. மங்கோலியர் வழிவந்த பொற்படைக்கு ரஷ்ய நிலங்கள் கப்பம் கட்டிவந்த காலம். யார் தலைமை இளவரசர் என்பதைப் பொற்படையின் அரசரான கான்தான் தீர்மானிப்பார். த்வேரும் மாஸ்கோவும் அந்த இடத்துக்கு அடித்துக்கொண்டன. 1318-இல் மிகயீல் கானின் முகாமுக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. 1327-இல் கானின் பிரதிநிதியை எதிர்த்து த்வேர் மக்கள் கிளர்ந்தெழுந்து, அவரையும் அவர் ஆட்களையும் தீர்த்துக்கட்டினார்கள். அதற்குத் தண்டனை கொடுக்கக் கான் அனுப்பிய படையோடு சேர்ந்து வந்தவர் மாஸ்கோ இளவரசர் இவான் கலிதா. த்வேர் எரிந்தது, மாஸ்கோ வளர்ந்தது. 1485-இல் த்வேர் மாஸ்கோவுக்குள் அடங்கியது. வீரம் காட்டியவர்கள் தோற்றார்கள், கப்பத்தை ஒழுங்காக வசூலித்துக் கொடுத்தவர் வென்றார். த்வேர் ஆட்கள் இதை இன்றும் கொஞ்சம் கசப்போடுதான் சொல்வார்கள்.

அடுத்து பயண அரண்மனை. பேரரசர்கள் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோ போகும்போது தங்கி ஓய்வெடுக்க 1760களில் கட்டியது. ஒரு காலத்தில் ஆட்சி செய்த ஊருக்கு வந்த நிலையைப் பாருங்கள்: வழிப்போக்கரின் அரண்மனை! 1809-இல் கட்டடக் கலைஞர் கார்லோ ரோசி அதைப் பேரரசர் அலெக்சாண்டரின் தங்கை எகதெரீனாவுக்காக மாற்றியமைத்தார். 1811-இல் வரலாற்றாசிரியர் கரம்சின் தான் எழுதிக்கொண்டிருந்த ரஷ்ய வரலாற்றிலிருந்து பகுதிகளை இங்கே பேரரசருக்குப் படித்துக் காட்டினார். இப்போது உள்ளே ஓவியக்கூடம் இருக்கிறது. குளிருக்குப் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி, உடைவைப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இது எல்லா அருங்காட்சியகத்துக்கும் கல்லூரிக்கும் பொது விதி. பக்கத்தில் புதிதாக மின்னும் தேவாலயம் பழையது அல்ல. 1935-இல் வெடிவைத்துத் தகர்த்த உருமாற்றப் பேராலயத்தை அண்மை ஆண்டுகளில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

அரண்மனைக்குப் பின்னால் நகரத் தோட்டம், அதை ஒட்டி வோல்கா. 1900-இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் வழியே அக்கரைக்குப் போங்கள். பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் ஆற்றை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருப்பது தெரியும்.

அக்கரையில், படகின் முகப்பில் நிற்கும் ஒருவர் சிலை. இவரைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அஃபனாசி நிகித்தின், த்வேர் வணிகர். 1460களின் பிற்பகுதியில் வோல்கா வழியாகக் கிழக்கே சரக்கு விற்கக் கிளம்பினார். அஸ்திரகானுக்கு அருகே கொள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். கடனோடு ஊர் திரும்ப முடியாது என்று பாரசீகம் போய், ஹோர்முஸிலிருந்து ஒரு குதிரையோடு கப்பலேறி மேற்குக் கரையில் சௌல் துறைமுகத்தில் இறங்கினார். குதிரைக்கு இந்தியாவில் நல்ல விலை என்று கேள்விப்பட்டிருந்தார். ஜுன்னாரில் அந்தக் குதிரையை ஆளுநர் பறித்துக்கொண்டு, மதம் மாறினால் தருகிறேன் என்றார். கொராசானைச் சேர்ந்த ஒருவர் பரிந்து பேசி மீட்டுக் கொடுத்தார். பிறகு பாமினி அரசின் தலைநகரான பீதருக்குப் போனார். அங்கிருந்து சிவராத்திரித் திருவிழாவுக்காகப் பர்வதம் போய்வந்தார், அதாவது ஸ்ரீசைலம். வெள்ளைக்காரன் என்று தன் பின்னால் கூட்டம் கூடி வந்ததையும், பிரபுக்களின் ஆடம்பரத்தையும், நாட்டுப்புற மக்களின் வறுமையையும் எழுதிவைத்தார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முந்திய கதை இது. திரும்பும் வழியில் ஸ்மொலென்ஸ்க் அருகே இறந்துபோனார். த்வேரை மறுபடி பார்க்கவில்லை. அவருடைய குறிப்புகளை ஒரு மடத்து நூலகத்தில் கண்டெடுத்து உலகறியச் செய்தவர், அக்கரை அரண்மனையில் வரலாறு படித்துக் காட்டிய அதே கரம்சின். சிலை 1955-இல் வைக்கப்பட்டது. நேருவிடம் க்ருஷ்சோவ் பெருமைக்கு 'நிகித்தினுக்குச் சிலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அவசரமாக வைக்கச் சொன்னார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதையாகவே ரசியுங்கள்.

இதே கரையில் த்வெர்த்ஸா ஆறு கலக்கும் இடத்தில் 1938-இல் கட்டிய படகு நிலையத்தைப் பல வழிகாட்டிகளின் அட்டையில் பார்த்திருப்பீர்கள். 2017-இல் அதன் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. அது எழுந்தது பழைய ஓத்ரொச் மடத்தின் இடத்தில். மடத்தில் எஞ்சியது ஒரு தேவாலயம்தான். ஜார் மன்னர் இவான் கொடுங்கோலனை எதிர்த்துப் பேசிய பேராயர் பிலிப்பு 1569-இல் கொல்லப்பட்டது அந்த மடத்தில்.

நேரமிருந்தால் மறுபடி வலக்கரைக்கு வந்து த்மாகா என்ற சிற்றாற்றுக்கு அப்பால் போங்கள். 1564-இல் முடிந்த வெள்ளைத் திரித்துவத் தேவாலயம் ஊரில் மிஞ்சிய கட்டடங்களில் மிகப் பழையது. இன்னும் மேற்கே, மொரோசொவ் குடும்பத்தின் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு: செங்கல்லில் கட்டிய, கோட்டை போன்ற பல மாடிக் கட்டடங்கள். ஒன்றின் பெயர் பாரிஸ். சில சிதைந்து கிடக்கின்றன, சிலவற்றில் ஆள் வசிக்கிறார்கள், ஆகவே ஜன்னலுக்குள் காமிராவை நீட்டாதீர்கள். அரண்மனையை விட எனக்கு இந்த இடமே ஊரைப் பற்றி அதிகம் சொல்வதாகப் படுகிறது. ஆட்டுக்கென்று ஒரு தனியார் அருங்காட்சியகமும் ஊரில் உண்டு. த்வேர்க்காரர்களுக்குப் பழைய பட்டப்பெயர் ஆட்டுக்கடா. கேலியைத் தாங்களே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

சோவெத்ஸ்கயா தெரு, எண் 4

மருத்துவ மாணவர்கள் தினமும் நுழையும் கட்டடம் இது. பல்கலைக்கழகம் 1936-இல் லெனின்கிராதில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) பல் மருத்துவக் கல்லூரியாகப் பிறந்து, 1954-இல் இங்கே இடம்பெயர்ந்தது. அதற்கு முன் இந்தக் கட்டடத்தில் இருந்தது சோவியத் ரகசியப் போலீஸ். 1940 வசந்தத்தில், செலிகெர் ஏரித் தீவு மடத்தில் அடைத்துவைத்திருந்த போலந்துக் கைதிகள் 6,000-க்கும் மேற்பட்டோரை இரவிரவாகக் கொண்டுவந்து இங்கே சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் போலீஸ்காரர்களும் எல்லைக் காவலர்களும். உடல்கள் ஊருக்கு வெளியே மேத்னொயெ கிராமத்தில் புதைக்கப்பட்டன. 1990-இல் சோவியத் அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. சுவரில் நினைவுப் பலகைகள் பதிக்கப்பட்டன. 2020 மே மாதத்தில் அவை அகற்றப்பட்டன. மேத்னொயெயில் 2000-இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. தோர்ஷொக் போகும் சாலையில் பஸ்ஸில் போகலாம். கட்டடத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதைப் பற்றிப் பொதுவிடத்தில் விவாதம் கிளப்புவது விருந்தாளிக்கு நல்லதல்ல.

குளிரும் சோறும்

கனத்த கோட்டை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். நம் கடைகளில் விற்பது அங்கே அக்டோபருக்குத்தான் தாங்கும். கோட்டும், வழுக்காத அடி கொண்ட காலணியும் த்வேரிலேயே வாங்குங்கள். ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரி அளவில். சில நாள் 25-க்கும் கீழே போகும். உண்மையான ஆபத்து குளிரைவிட மார்ச் மாதம். பகலில் உருகி இரவில் உறையும் தெரு கண்ணாடியாகிவிடும், கூரையிலிருந்து பனிக்கட்டி விழும். நடைபாதையில் கயிறு கட்டியிருந்தால் சுற்றிப் போங்கள். உறைந்த வோல்காவில் மீன்பிடிப்பவர்களைப் பார்த்துவிட்டு நீங்களும் இறங்க வேண்டாம்; அவர்களுக்குப் பனியின் கனம் தெரியும்.

அறை வெப்பம் உங்கள் கையில் இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து சராசரி 8 டிகிரிக்குக் கீழே போனபின்தான் ஊர் முழுவதற்கும் சூடாக்கம் திறப்பார்கள். அதற்கு முந்திய வாரம்தான் ஆண்டிலேயே மிக மோசம். கோடையில் குழாய்ப் பராமரிப்புக்காக இரண்டு வாரம்வரை வெந்நீர் நின்றுவிடும்; கதவில் ஒட்டும் அறிவிப்பைப் படியுங்கள்.

அரிசியும் சிவப்புப் பருப்பும் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். துவரம் பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி கொண்டுபோவது நல்லது. தயிர் சாதத்துக்குப் புளித்த பால் பானமான கெஃபீர் ஓரளவு கைகொடுக்கும், சற்று நீர்த்திருக்கும். மதிய வேளையில் ஸ்தலோவயா என்னும் சுயசேவை உணவகங்களில் மலிவாகச் சாப்பிடலாம். சைவர்கள் பக்வீட் என்னும் தானியத்தில் செய்யும் கஞ்சியான க்ரேச்காவோடு நட்புக் கொள்ள வேண்டியிருக்கும். சூப்பில் இறைச்சித் துண்டு இல்லை என்றாலும் சாறு இறைச்சியுடையதாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் குளிர்காலத்தில் ஊர் பிடிக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். சைபீரிய நாடுகடத்தலிலிருந்து திரும்பிய தஸ்தயேவ்ஸ்கி 1859-இல் சில மாதம் இங்கே தங்க நேர்ந்தபோது, இது தான் நாடுகடத்தலில் இருந்த செமிபலத்தின்ஸ்கைவிட மோசம் என்று நண்பருக்கு எழுதினார். அவருக்கு அருமையான காரணம் இருந்தது: பீட்டர்ஸ்பர்க்குக்குப் போக அனுமதி வரவில்லை.

வெளியூர் போவது

முதலில் தோர்ஷொக். 60 கிலோமீட்டர்தான். தங்கநூல் பூவேலைக்கும், பொஷார்ஸ்கி கட்லெட்டுக்கும் பேர்போன சிற்றூர். புஷ்கின் தன் நண்பருக்கு எழுதிய வேடிக்கைக் கவிதையில், த்வேரில் மக்ரோனியும் தோர்ஷொக்கில் இந்தக் கட்லெட்டும் சாப்பிடச் சொல்கிறார். காலையில் போய் மாலை திரும்பலாம்.

செலிகெர் ஏரிக்கும் வோல்கா பிறக்கும் வோல்கவெர்கோவியே கிராமத்துக்கும் அப்படிப் போக முடியாது. ஓஸ்தாஷ்கொவ் ஊரில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை வாடகைக் காரில் போங்கள். 3,530 கிலோமீட்டர் ஓடும் ஆறு அங்கே ஓரடி அகல ஓடை. ஊற்றின்மேல் ஒரு மரக்குடில் கட்டியிருக்கிறார்கள். ஓஸ்தாஷ்கொவ் விடுதி உங்கள் தங்கலைப் பதிவு செய்யும் என்பதால் கடவுச்சீட்டும் குடிவரவு அட்டையும் கையில் இருக்கட்டும். ஜூன், ஜூலையில் போவதானால் கொசுமருந்தும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காட்டு ஓரங்களில் உண்ணிகள் இருப்பதால் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள்.